பெரிய பெயர் போட்ட 399 வெள்ளி (ரிங்கிட்) ஸ்பீக்கர் பெட்டி: என் கடையில் வைக்கலாமா?

சிப்புட் ரேடியோக்காரன் எழுதியது:

வணக்கம். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ரேடியோ, ஆம்ப்ளிபையர், மின்விசிறி, சோறு வேகாத ரைஸ் குக்கர் எல்லாம் வரும். அப்பா காலத்தில் இதே கடை ஒலிபெருக்கி வாடகைக் கடையாக இருந்தது. திருவிழாக் காலம் வந்துவிட்டால் தோட்டம் தோட்டமாக மாரியம்மன் கோயில் வேலைதான். லாரியில் போய், தென்னையில் ஏறி, குழாய் ஒலிபெருக்கியைக் கட்டிவிட்டு இறங்குவது பத்து வயதில் என் பொறுப்பு. அந்தத் தோட்டங்களில் இன்று ரப்பர் பால்மரம் போய்ச் செம்பனை வந்துவிட்டது. லயங்கள் போய்த் தாமான் குடியிருப்பு வந்துவிட்டது. கடை மட்டும் அதே இடத்தில் இருக்கிறது.

கேள்விக்கு வருகிறேன். தீபாவளிக்கு முன் இருபது புளூடூத் ஸ்பீக்கர் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஈப்போவிலிருந்து வரும் விற்பனையாளர் ஒருவர் மூன்று வாரமாக விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். கையில் தூக்கிக்கொண்டு போகிற அளவுப் பெட்டி, விலை 399 வெள்ளி. அதன்மேல் இருக்கிற பெயரோ ஒரு காலத்தில் துரைமார் பங்களாவில் மட்டுமே கண்ணில் பட்ட ரகம். எந்த நிறுவனம் என்று சொல்லப்போவதில்லை, பொதுவாகவே கேட்கிறேன். பல்லாயிரம் வெள்ளிக்குச் சாமான் விற்றவர்கள் நானூறு வெள்ளிக்கு இறங்கி வந்தால் அந்தப் பெயர் தாங்குமா? தாங்காது என்றால் பத்து வருடம் கழித்து அதன் மதிப்பு என்ன, அதை விற்ற என் மதிப்பு என்ன?

இந்தக் கவலை திடீரென்று வந்ததல்ல. போன மாதம் ஓய்வுபெற்ற கிராணி (தோட்ட எழுத்தர்) ஐயா ஒருவர் காஞ்சில் காரின் பின்னிருக்கையில் கோணிச் சாக்கால் சுற்றி ஒரு ஆம்ப்ளிபையரைக் கொண்டுவந்தார். மராண்ட்ஸ் 2270. அவர் வேலை பார்த்த தோட்டத்துத் துரை சீமைக்குத் திரும்பியபோது விற்றுவிட்டுப் போன சாமான்களில் ஒன்று. தவணை முறையில் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்லி வாங்கினாராம். "நாற்பது வருடம் பாடியது, இப்போது ஒரு பக்கம் பேசவில்லை" என்றார்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே ஒரு பல்லி, தலையிலிருந்து வால்வரை முழுதாகக் காய்ந்து, இரண்டு முனைகளைத் தொட்டபடி படுத்திருந்தது. பக்கத்தில் எறும்பு கொண்டுவந்து சேர்த்த மண். மின் உருகி ஒன்று போயிருந்தது, கெப்பாசிட்டர் இரண்டு உப்பியிருந்தன. பல்லியை எடுத்து, பலகையை ஸ்பிரிட் போட்டுத் துலக்கி, போனதை மாற்றி, சுவிட்சைப் போட்டேன். டயல் நீல வெளிச்சத்தில் விழித்தது. மின்னல் எஃப்எம் இரண்டு பக்கமும் வந்தது. மொத்தச் செலவு 60 வெள்ளி, அதில் பாதி என் கூலி.

கூட வந்திருந்த பேரன் சிரித்துக்கொண்டே தன் பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தான். விற்பனையாளர் சொல்கிற அதே பெட்டி. "தாத்தாவுடையதும் பெரிய பெயர், இதுவும் பெரிய பெயர்" என்றான். கிராணி ஐயா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்: "இதையும் திறந்து காட்டுங்கள், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று பார்ப்போம்." நானும் பார்த்தேன். ஒரு திருகாணிகூட இல்லை. எல்லாம் பசை. திறந்தால் மூட முடியாது என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பேரனுக்கு வெற்றி, எனக்குக் கொஞ்சம் அவமானம்.

இன்னொன்று. இரண்டு வருடத்துக்கு முன் வேறொரு பெரிய பெயருடைய பெட்டியை (நீங்கள் யாரும் நினைக்கிற பெயர் அல்ல) ஒரு வாடிக்கையாளருக்கு விற்றேன். பதினெட்டு மாதத்தில் பேட்டரி செத்தது. நிறுவனத்தைக் கேட்டால் தனிப் பேட்டரி கிடையாது, புதிய பெட்டி வாங்கச் சொல்லுங்கள் என்றார்கள். திட்டு விழுந்தது அந்த நிறுவனத்துக்கா? எனக்கு.

பழைய தட்டு, ஈப்போ எழுதியது:

தம்பி, எடுக்காதீர்கள். நாகமிச்சி என்ற பெயரைக் கேட்டிருப்பீர்கள். 1948-இல் ஜப்பானில் தொடங்கிய நிறுவனம். 1973-இல் பதிய, வாசிக்க, அழிக்க என்று தனித்தனியாக மூன்று தலை வைத்த கேசட் டெக் கொண்டுவந்து, கேசட்டில் இவ்வளவு துல்லியம் வருமா என்று உலகத்தையே வாய்பிளக்க வைத்தது. 1982-இல் டிராகன் என்ற கேசட் டெக். ஓடுகிற நாடா கொஞ்சம் கோணினாலும் வாசிக்கும் தலை தானே சாய்ந்து அதற்கு ஈடுகொடுக்கும். என் நண்பர் ஒருவரிடம் ஒன்று இருக்கிறது; இன்னும் அதைத் தொடுவதற்கு முன் கைகழுவுகிற ஆள் அவர்.

கேசட் போயிற்று. அந்த இடத்தை நிரப்ப அவர்களிடம் அதே தரத்தில் வேறொன்று இல்லை. 2002-இல் திவால். நிறுவனம் விழுந்தது, பெயர் மட்டும் கைமாறி நடந்துகொண்டே இருக்கிறது. இப்போது கார் பிளேயரிலும் தொலைக்காட்சிக்குக் கீழே வைக்கும் நீளப் பெட்டியிலும் அந்த எழுத்துகளைப் பார்க்கலாம். அவை நல்லவையா கெட்டவையா என்று நான் சொல்லவரவில்லை. டிராகனைச் செய்த மூளைக்கும் அவற்றுக்கும் இடையில் என்ன உறவு என்றுதான் கேட்கிறேன். ஃபிஷர் என்ற அமெரிக்கப் பெயர் 1975-இல் சான்யோவிடம் போய், கடைசியில் பல்பொருள் கடைச் செட்டுகளில் முடிந்ததையும் நாங்கள் பார்த்தோம். அமெரிக்காவில் வால்வு ஆம்ப்ளிபையர் காலத்தில் அது வீட்டு வரவேற்பறையின் கௌரவம்.

கல்யாணப் பட்டு எடுக்கிற கடை வாசலில் கைலியைக் குவித்துப் போட்டு விற்றால் பட்டு எடுக்க வருகிறவர் உள்ளே போவாரா? பணம் கொடுக்கிறவர் துணிக்கு மட்டும் கொடுக்கவில்லை, எல்லாரும் எடுக்க முடியாது என்பதற்கும் சேர்த்துத்தான் கொடுக்கிறார். கேட்கக் கசப்பாக இருந்தாலும் ஆடம்பர வியாபாரத்தின் உண்மை அதுதான்.

கம்பார் டீச்சர் எழுதியது:

எனக்கு ஆடியோ ஒன்றும் தெரியாது. ஆனால் பள்ளி வேலைக்கு வைத்திருக்கும் என் எச்பி மடிக்கணினியில் விசைப்பலகைக்கு மேலே பேங் அண்ட் ஓலுஃப்சென் என்று சிறிய எழுத்து இருக்கிறது. நான்கு வருடமாக அதை மாடல் பெயர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். இதைப் படித்தபிறகுதான் கணவரைக் கேட்டேன். டென்மார்க்கில் 1925-இல் தொடங்கிய நிறுவனமாம், அவர்களுடைய உச்சபட்ச ஸ்பீக்கர் ஒரு ஜோடி எங்கள் மைவி காரைவிடப் பல மடங்கு விலையாம். தேர்வுத்தாள் தட்டச்சு செய்கிற சாமானில் அவர்களுக்கு என்ன வேலை என்று இரண்டு பேரும் சிரித்தோம்.

ஐயா சொல்கிற கௌரவம் என் கணக்கில் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அப்படி ஒன்று இருந்ததே எனக்குத் தெரியாது.

ஈயக்கோல், பினாங்கு எழுதியது:

அண்ணே, நான் பாயான் லெப்பாஸில் மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் இருக்கிறேன். பழைய தட்டு ஐயா கோபித்துக்கொள்ளக் கூடாது. கிராணி ஐயாவிடம் இதைச் சொல்லவே வேண்டாம்.

அவர் போற்றுகிற மராண்ட்ஸ் 2270 இருக்கிறதே, அதுவே கீழே இறங்கி வந்த பெட்டிதான். சால் மராண்ட்ஸ் 1950களில் நியூயார்க்கில் கையால் செய்யத் தொடங்கியவை ஒலியைச் சீர்செய்யும் பிரீஆம்ப், ஸ்பீக்கரை ஓட்டும் பவர் ஆம்ப் என்று தனித்தனிச் சாமான்கள், வசதியுள்ளவர்களுக்கு. 10பி என்ற டியூனரை (ரேடியோ வாங்கியை) உருவாக்கப் போய்ப் பணம் கரைந்து, 1964-இல் நிறுவனத்தையே சூப்பர்ஸ்கோப் என்ற நிறுவனத்திடம் விற்றுவிட்டார். 2270 வந்தது அதற்குப் பிறகு, 1970களில். ரேடியோவும் ஆம்ப்ளிபையரும் ஒரே பெட்டியில், பக்கத்துக்கு 70 வாட், நடுத்தரக் குடும்பத்துக்காக. நிறுவனர் இல்லாத, பெருமளவில் விற்க வந்த அந்தப் பெட்டியைத்தான் இன்று "உண்மையான மராண்ட்ஸ்" என்று உலகமே தேடுகிறது. அதன்பிறகும் அந்தப் பெயர் கை மாறிக்கொண்டே இருக்கிறது: 1980-இல் ஃபிலிப்ஸ், 2002-இல் டெனான் என்ற இன்னொரு ஆடியோ நிறுவனத்தோடு சேர்க்கை, 2022-இல் மசிமோ என்ற மருத்துவக் கருவி நிறுவனம், 2025-இல் சாம்சங்கின் ஹார்மன்.

அதனால் இறங்கினால் பெயர் கெடும் என்று ஒரே அடியாக அடிக்க முடியாது. எதோடு இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். கேஇஎஃப் என்ற ஸ்பீக்கர் நிறுவனம் 1961-இல் இங்கிலாந்தின் மெய்ட்ஸ்டோனில் தொடங்கியது. 1992 முதல் முதலாளி ஹாங்காங்காரர். மேல்சுருதிக்கான ட்வீட்டரை, கீழ்ச்சுருதிக்கான வூஃபரின் நடுமையத்தில் வைக்கும் உத்தியை 1988-இல் கொண்டுவந்தார்கள். 2007-இல் மியூவான் என்று ஆளுயரத்துக்கு மேல் ஒரு ஸ்பீக்கர், நூறே ஜோடி. 2012-இல் எல்எஸ்50, மேசைமேல் வைக்கிற அளவு. அதே நடுமைய உத்தி அதற்குள்ளும் இருக்கிறது. மேலே கற்றதைக் கீழே கொண்டுவந்தார்கள். எல்எஸ்50 வந்ததால் மியூவானின் மதிப்பு ஒரு காசு குறையவில்லை.

மறுபக்கம் ஏகேஜி. வியன்னாவில் 1947 முதல் மைக்கும் ஹெட்போனும் செய்த நிறுவனம். 2017-இல் சாம்சங் 800 கோடி டாலருக்கு ஹார்மனை வாங்கியபோது ஏகேஜியும் கூடவே போனது. அதே வருடம் சாம்சங் எஸ்8 கைப்பேசிப் பெட்டிக்குள் ஏகேஜி பெயர் போட்ட காதுக்கருவி வந்தது, அதே வருடம் வியன்னா அலுவலகத்தை மூடினார்கள். அங்கே வேலை பார்த்தவர்களில் சிலர் சேர்ந்து ஆஸ்திரியன் ஆடியோ என்று புதுப் பலகை மாட்டிக்கொண்டார்கள். இப்போது ஏகேஜியின் கௌரவம் எங்கே இருக்கிறது? எழுத்திலா, அந்த ஆட்களிடமா?

டீச்சர் சொன்ன டென்மார்க்காரர்களே 2012-இல் விலை குறைந்த சாமான்களுக்கு பி அண்ட் ஓ ப்ளே என்று தனிப்பெயர் வைத்தார்கள். பெரிய பெயரில் கறை படக்கூடாது என்பதும் ஒரு கணக்காக இருந்திருக்கும். 2018-இல் அந்தத் தனிப்பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே பெயருக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வேலி கட்டி ஆறு வருடத்தில் தாங்களே பிரித்துவிட்டார்கள்.

உங்கள் 399 வெள்ளிப் பெட்டியைப் பற்றி: அந்த அளவு ஸ்பீக்கர் தள்ளக்கூடிய காற்று கொஞ்சம்தான், எந்தப் பெயர் போட்டாலும் அதை மாற்ற முடியாது. உள்ளே இருக்கிற சிப் மெல்லிய சத்தத்தில் கீழ்ச்சுருதியைத் தூக்கிக் கொடுக்கும், சத்தம் ஏற ஏற அதைக் குறைத்துக்கொண்டே வரும். அந்தக் கணக்கை எழுதியவர் கெட்டிக்காரரா என்பதில்தான் நல்லதும் கெட்டதும். விற்பனையாளரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள் அண்ணே: பேட்டரி தனியாகக் கிடைக்குமா?

பழைய தட்டு, ஈப்போ எழுதியது:

மராண்ட்ஸ் கதை தெரியும் தம்பி, ஆனால் அந்தக் கோணத்தில் யோசித்ததில்லை. ஒப்புக்கொள்கிறேன். என்னிடமும் 2270 ஒன்று இருக்கிறது என்பதை இங்கே சொல்லாமல் விட்டது என் தப்பு.

ஆனாலும் ஒன்று. பெயர் கீழே வந்தவுடன் போலியும் பின்னாலேயே வரும். இரவுச் சந்தையில் 35 வெள்ளிக்கு எந்தப் பெயர் வேண்டும் என்று கேட்டு எடுத்துக் கொடுக்கிறார்கள். டிராகனைப் போலியாகச் செய்ய யாராலும் முடியாது; பசை போட்ட பெட்டியை யார் வேண்டுமானாலும் செய்யலாம். சிப்புட் தம்பி எடுப்பதாக இருந்தால் சிரிம் என்ற தரச்சான்று ஒட்டி இருக்கிறதா என்று ஒவ்வொரு பெட்டியிலும் பார்த்து எடுக்கட்டும்.

சிப்புட் ரேடியோக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பேட்டரி கேள்வியை விற்பனையாளரிடம் கேட்டேன். சிரித்தார். யாரும் இதுவரை கேட்டதில்லை என்றார். இரண்டு நாள் கழித்து அழைத்து, கிடைக்கும், ஆனால் கோலாலம்பூரில் அவர்கள் சர்வீஸ் சென்டரில்தான் மாற்றுவார்கள் என்றார். இருபது வேண்டாம், ஆறு கொடுங்கள் என்றேன். முகம் சுண்டிப்போனது.

ஆறில் ஒன்றை என் செலவில் திறந்தேன். மனைவியின் முடி உலர்த்தியால் முன்பக்க வலையைச் சூடாக்கி, பழைய டெலிபோன் கார்டைச் செருகி ஓரம் ஓரமாகக் கிளப்பினேன். முக்கால் மணி நேரம். உள்ளே நான் எதிர்பார்த்ததைவிடச் சுத்தம். ஸ்பீக்கர் கூம்பின் விளிம்பு நுரை அல்ல, ரப்பர். இது எனக்குப் பெரிய விஷயம். எண்பதுகளின் பெரிய பெட்டிகள் எத்தனையோ என் மேசைக்கு நுரை விளிம்பு உருகி, தொட்டால் விரலில் தார் மாதிரி ஒட்டுகிற நிலையில் வந்திருக்கின்றன. நம் ஊர் ஈரக் காற்றுக்கு நுரை தாங்காது. ரப்பர் தோட்டத்து ஊரில் பிறந்தவன், ரப்பரைக் கண்டால் எனக்கு மனம் இளகிவிடும். பேட்டரி இணைப்பில் செருகி இருக்கிறது, பற்றவைக்கவில்லை. மாற்றலாம். திறப்பதுதான் பாடு.

ஈயக்கோல் தம்பி சொன்னதை நினைத்துக்கொண்டே வேறொன்றையும் யோசித்தேன். ஜேபிஎல் பற்றி யாரும் பேசவில்லை. 1946-இல் தொடங்கி, திரையரங்கு, ஒலிப்பதிவுக் கூடம் என்று வளர்ந்த பெயர். இன்று உள்ளங்கைப் பெட்டியும் செய்கிறார்கள், எவரெஸ்ட் என்று வீட்டை விற்று வாங்க வேண்டிய ஸ்பீக்கரும் செய்கிறார்கள். ஒன்றால் இன்னொன்று கெட்டதாகத் தெரியவில்லை. அவர்கள் ஆரம்பத்திலிருந்தே ஊருக்கு முன்னால் சத்தம் போட வந்தவர்கள், மூடிய அறைக்குள் கௌரவம் காத்தவர்கள் அல்லர். அதனால் படி இறங்குவதில் அவர்களுக்குக் கூச்சம் இல்லை போலும். அப்பா உயிரோடு இருந்தால் இதை உடனே புரிந்துகொண்டிருப்பார்.

பழைய தட்டு அண்ணே, பட்டுக்கடை உவமை நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் கைலி விலை எவ்வளவு என்று பாருங்கள். இந்த நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. 399 என்பது ஏறத்தாழ ஒரு வாரக் கூலி. இறங்கி வந்துவிட்டோம் என்று அவர்கள் சொல்கிற இடத்துக்கு எங்கள் ஊர் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

முதல் பெட்டியை வாங்கியவர் செம்பனைத் தோட்டத்தில் உதிரிப்பழம் பொறுக்குகிற அக்கா ஒருவர். இரண்டு தவணை. பெயரைப் பார்க்கவே இல்லை. "மழை பெய்கிறபோது தகரக் கூரைச் சத்தத்துக்கு மேலே கேட்குமா?" என்றார். வெளியே மழை இல்லாததால் கடையின் தகரக் கதவைப் பையனை விட்டுத் தட்டச் சொல்லி, பெட்டியை முழுச் சத்தத்தில் வைத்துக் காட்டினேன். அந்தச் சத்தத்தில் கீழ்ச்சுருதி காணாமல் போனது எனக்குத் தெரிந்தது. பாட்டின் வரி தெளிவாகக் கேட்டது. அவருக்கு அது போதும். ரசீதின் பின்பக்கம், பேட்டரி போனால் என்னிடம் கொண்டுவரவும் என்று எழுதிக் கொடுக்காமல் விடவில்லை, கையெழுத்தும் போட்டேன்.

கிராணி ஐயா ஞாயிற்றுக்கிழமை வந்தார். திறந்த பெட்டியைக் காட்டினேன். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார். 2270 கதையை நான் சொல்லவில்லை, தம்பி. "பல்லி போக வழி இல்லை" என்று மட்டும் சொன்னார். பாராட்டா குறையா என்று கேட்கத் தோன்றவில்லை.

ஒரு உதவி. திறந்ததை மூட முடியவில்லை. இரண்டு வகைப் பசை போட்டும் வலை ஒரு மூலையில் எழும்பிக்கொண்டே இருக்கிறது. இப்போது சைக்கிள் டியூபை வெட்டிப் பட்டையாகக் கட்டி மேசைமேல் பாட விட்டிருக்கிறேன்.

ஈயக்கோல், பினாங்கு எழுதியது:

பி-7000 என்ற பசையைக் கைப்பேசிக் கடையில் கேளுங்கள் அண்ணே, ஏழெட்டு வெள்ளிக்குள் வரும். பழைய பசையை முழுதாகச் சுரண்டிவிட்டுப் போட்டு, ஒரு இரவு அந்த டியூப் பட்டையோடேயே விட்டுவிடுங்கள்.